சமூக ஒத்துப்போதல்

சமூக ஒத்துப்போதல் என்பது ஒருவர் தம் கருத்தையோ நடத்தையையோ தம்மைச் சுற்றியுள்ள குழுவின் கருத்துக்கும் நடத்தைக்கும் ஏற்ப மாற்றிக்கொள்வதாகும். யாரும் வெளிப்படையாகக் கட்டளையிடாமலே இந்த மாற்றம் நிகழக்கூடும். மேலதிகாரியின் ஆணைக்குப் பணிவது கீழ்ப்படிதல் எனப்படும். ஒருவர் கேட்டுக்கொண்டதற்காக ஒன்றைச் செய்வது இசைதல் எனப்படும். ஆணையும் இல்லை, வேண்டுகோளும் இல்லை. ஆனால் சுற்றியுள்ளோர் எல்லோரும் செய்கிறார்கள் என்பதால் தாமும் செய்வதே ஒத்துப்போதல்.

"நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்ற கேள்வி தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி எழுகிறது. படிப்பு, உடை, திருமணச் செலவு எனப் பல முடிவுகளில் அந்தப் பெயரில்லாத நாலு பேர் பங்கேற்கிறார்கள். அவர்கள் உண்மையில் என்ன நினைக்கிறார்கள் என்று பெரும்பாலும் யாரும் கேட்டுப் பார்ப்பதில்லை. ஒத்துப்போதல் பற்றிய ஆய்வுகள் காட்டும் முக்கியமான செய்தியும் இதுவே: கூட்டத்தின் வலிமை அதன் எண்ணிக்கையைவிட, அதில் மாறுபட்ட குரல் எதுவும் இல்லை என்ற தோற்றத்தையே அதிகம் சார்ந்திருக்கிறது.

ஒத்துப்போவதற்கான காரணங்கள்

மார்ட்டன் டாய்ட்ச், ஹெரால்ட் ஜெரார்ட் ஆகிய உளவியலாளர்கள் 1955-ல் ஒத்துப்போதலுக்கு இரண்டு அடிப்படைக் காரணங்களைப் பிரித்துக் காட்டினர்.

முதலாவது, தகவல் சார்ந்த தாக்கம். எது சரி என்று தெரியாதபோது பிறர் செய்வதையே மனிதர் சான்றாகக் கொள்கின்றனர். புதிய ஊரில் எந்த உணவகம் நல்லது என்று தெரியாதவர், கூட்டம் உள்ள கடைக்குள் நுழைவது இவ்வகை. இரண்டாவது, நெறி சார்ந்த தாக்கம். இதில் எது சரி என்று ஒருவருக்குத் தெரிந்திருக்கலாம். ஆனாலும் கேலிக்கோ ஒதுக்கலுக்கோ ஆளாகக் கூடாது, குழுவில் ஏற்கப்பட வேண்டும் என்பதற்காக அவர் மற்றவர்களோடு சேர்ந்துகொள்கிறார்.

'ஊரோடு ஓடின் உடன் ஓடு. ஒருவன் ஓடின் கேட்டு ஓடு' என்ற தமிழ்ப் பழமொழி தகவல் சார்ந்த தாக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறது. ஊரே ஓடினால் வெள்ளமோ தீயோ வந்திருக்கலாம். நின்று விசாரிக்க நேரமில்லை. ஒருவன் மட்டும் ஓடினால் காரணம் கேட்கலாம். இது பயனுள்ள அறிவுரைதான். ஆனால் ஊரில் ஒவ்வொருவரும் மற்றவர் ஓடுவதைப் பார்த்தே ஓடினால், ஆயிரம் பேர் ஓடியும் அதில் ஒரு சான்றுகூட இருக்காது.

ஒத்துப்போதல் எவ்வளவு ஆழமானது என்பதும் வேறுபடும். ஹெர்பர்ட் கெல்மன் 1958-ல் மூன்று நிலைகளை விளக்கினார். உள்ளத்தில் ஏற்காமல் வெளியில் மட்டும் இணங்குவது முதல் நிலை. தாம் மதிக்கும் ஒருவரோடோ குழுவோடோ தம்மை அடையாளப்படுத்திக்கொள்வதால் ஏற்பது இரண்டாம் நிலை. கருத்தைத் தம் சொந்த நம்பிக்கையாகவே ஆக்கிக்கொள்வது மூன்றாம் நிலை. முதல் நிலையில் உள்ளவர் குழுவின் பார்வையிலிருந்து விலகியதும் பழையபடி நடப்பார். மூன்றாம் நிலையில் உள்ளவர் தனிமையிலும் அவ்வாறே நடப்பார்.

செரீஃபின் ஒளிப்புள்ளி ஆய்வு

துருக்கியில் பிறந்த முசாஃபர் செரீஃப் 1935-ல் வெளியிட்ட ஆய்வு, தெளிவற்ற சூழலில் குழுவின் நெறி எப்படி உருவாகிறது என்பதைக் காட்டியது. முழு இருட்டறையில் அசையாத ஒரு சிறு ஒளிப்புள்ளியை உற்றுப் பார்த்தால் அது அசைவதுபோலத் தோன்றும். அது எவ்வளவு தூரம் அசைந்தது என்று தனித்தனியே கேட்டபோது ஒவ்வொருவரும் வெவ்வேறு அளவைச் சொன்னார்கள். அவர்களையே குழுவாக அமர்த்திக் கேட்டபோது அளவுகள் படிப்படியாக நெருங்கி, ஒரு பொது அளவில் நிலைத்தன. பின்னர் தனியே கேட்டபோதும் பலர் அந்தப் பொது அளவையே ஒட்டி விடை சொன்னார்கள்.

1961-ல் ராபர்ட் ஜேக்கப்ஸ், டொனால்ட் கேம்ப்பெல் ஆகியோர் இதே ஆய்வை நீட்டித்தனர். முதலில் ஆய்வாளரின் ஆட்கள் மிகைப்படுத்திய ஓர் அளவைச் சொல்லி நெறியை உருவாக்கினர். பிறகு அவர்கள் ஒவ்வொருவராக நீக்கப்பட்டுப் புதியவர்கள் சேர்க்கப்பட்டனர். தொடக்க ஆட்கள் எவரும் இல்லாத பின்னும், அந்த மிகை அளவின் தாக்கம் சில தலைமுறைகள் வரை நீடித்தது. ஒரு வழக்கத்தைத் தொடங்கியவர்கள் மறைந்த பின்னும் அந்த வழக்கம் தொடரக்கூடும் என்பதற்கு இது ஒரு சிறிய மாதிரி.

ஆஷின் கோட்டு ஆய்வு

வார்சாவில் 1907-ல் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய சாலமன் ஆஷ், செரீஃபின் ஆய்வில் ஒரு குறையைக் கண்டார். ஒளிப்புள்ளிக்குச் சரியான விடையே இல்லை. எனவே பிறரைப் பின்பற்றுவது இயல்பே. விடை கண்முன்னே தெளிவாக இருந்தால் மனிதர் என்ன செய்வார்கள் என்பதே அவருடைய கேள்வி.

1950-களில் அவர் நடத்திய ஆய்வில் ஓர் அட்டையில் ஒரு கோடும், மற்றோர் அட்டையில் வெவ்வேறு நீளமுள்ள மூன்று கோடுகளும் காட்டப்பட்டன. முதல் கோட்டின் நீளத்துக்குச் சமமான கோடு எது என்று ஒவ்வொருவரும் உரக்கச் சொல்ல வேண்டும். ஏழு முதல் ஒன்பது பேர் கொண்ட குழுவில் ஒருவர் மட்டுமே உண்மையான பங்கேற்பாளர். மற்றவர்கள் முன்கூட்டியே சொல்லிக்கொடுக்கப்பட்ட ஆட்கள். பங்கேற்பாளரின் முறை கடைசியாகவோ அதற்கு முன்னதாகவோ வரும். மொத்தம் 18 சுற்றுகளில் 12 சுற்றுகளில் மற்ற அனைவரும் ஒரே தவறான விடையைச் சொன்னார்கள்.

தனியாக விடையளித்தபோது தவறு 1 விழுக்காட்டுக்கும் குறைவு. குழுவின் நடுவே, அந்தச் சுற்றுகளில் பங்கேற்பாளர்கள் அளித்த விடைகளில் 36.8 விழுக்காடு தவறான பெரும்பான்மையை ஒட்டி அமைந்தன. ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஒருமுறைகூட வளைந்து கொடுக்கவில்லை. வேறு சிலர் பெரும்பாலான சுற்றுகளில் கூட்டத்தோடு சென்றனர்.

இந்த முடிவைப் பலரும் ஒருபக்கமாகவே நினைவில் வைத்திருக்கின்றனர். மூன்றில் ஒரு பங்கு விடைகள் வளைந்தன என்பது உண்மை. மூன்றில் இரண்டு பங்கு விடைகள் கூட்டத்தின் அழுத்தத்தை மீறிச் சரியாக இருந்தன என்பதும் அதே அளவு உண்மை.

ஒருவரின் துணை

ஆஷ் சூழலை மாற்றி மாற்றிச் சோதித்ததில் கிடைத்த முடிவுகள் முதல் ஆய்வைவிடப் பயனுள்ளவை. எதிரே ஒருவர் மட்டும் தவறாகச் சொன்னபோது தாக்கம் மிகக் குறைவு. இருவர் ஆனபோது தவறுகள் 13.6 விழுக்காடாகவும், மூவர் ஆனபோது 31.8 விழுக்காடாகவும் உயர்ந்தன. அதற்கு மேல் ஆட்களைக் கூட்டியும் தாக்கம் பெரிதாக வளரவில்லை.

ஆனால் குழுவில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னபோது, தவறுகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகச் சரிந்தன. மாறுபட்டவர் சரியாகச் சொல்லவேண்டும் என்பதுகூட இல்லை. அவரும் வேறொரு தவறான விடையைச் சொன்னபோதும் பெரும்பான்மையின் பிடி தளர்ந்தது. அதுவரை துணையாக இருந்தவர் பாதியில் கூட்டத்தின் பக்கம் சாய்ந்தபோது தவறுகள் மீண்டும் உயர்ந்தன. பங்கேற்பாளர் தம் விடையை உரக்கச் சொல்லாமல் தனியே எழுதலாம் என்றபோதும் தவறுகள் வெகுவாகக் குறைந்தன.

காலமும் பண்பாடும்

ஒத்துப்போதலின் அளவு எல்லா இடத்திலும் ஒன்றல்ல. 1980-ல் பிரிட்டனில் பெரின், ஸ்பென்சர் ஆகியோர் பொறியியல், கணிதம், வேதியியல் மாணவர்களிடம் ஆஷின் ஆய்வை நடத்தியபோது, 396 சுற்றுகளில் ஒன்றில் மட்டுமே கூட்டத்தை ஒட்டிய விடை வந்தது. ரோட் பாண்ட், பீட்டர் ஸ்மித் ஆகியோர் 1996-ல் 17 நாடுகளில் நடந்த 133 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். அமெரிக்காவில் 1950-களுக்குப் பின் ஒத்துப்போதல் குறைந்து வந்துள்ளதும், குழு வாழ்வுக்கு முதன்மை தரும் பண்பாடுகளில் அது கூடுதலாக இருப்பதும் தெரியவந்தன.

இதைக் கோழைத்தனத்தின் அளவுகோலாகக் கொள்ளக் கூடாது. ஒருவர் தவறு செய்யும்போது அவரைப் பலர் முன் தனித்துக் காட்டாமல் இருப்பது சில பண்பாடுகளில் மரியாதையாகவே கருதப்படுகிறது.

சமூகத்துக்கு ஒத்துப்போதலின் தேவை

ஒத்துப்போதல் இல்லாமல் சமூகமே இயங்காது. சாலையில் எல்லோரும் ஒரே பக்கமாகச் செல்வது, வரிசையில் நிற்பது, ஒரு சொல்லை ஒரே பொருளில் வழங்குவது ஆகிய அனைத்தும் ஒத்துப்போதலே. இவற்றில் எந்தப் பக்கம், எந்தச் சொல் என்பதைவிட எல்லோரும் ஒன்றாகச் செய்வதே முக்கியம்.

கற்றலுக்கும் இது அடிப்படை. விக்டோரியா ஹார்னர், ஆண்ட்ரூ வைட்டன் ஆகியோர் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பெட்டியிலிருந்து பரிசை எடுக்கும் முறை சிம்பன்சிகளுக்கும் குழந்தைகளுக்கும் செய்து காட்டப்பட்டது. அதில் தேவையற்ற செயல்கள் சிலவும் சேர்க்கப்பட்டிருந்தன. பெட்டி ஒளிபுகும்படி இருந்து, அச்செயல்கள் வீண் என்று தெரிந்தபோது சிம்பன்சிகள் அவற்றை விட்டுவிட்டன. குழந்தைகள் அப்போதும் அவற்றை அப்படியே செய்தனர். பெரியவர்கள் செய்வதற்கு ஏதோ காரணம் இருக்கும் என்று நம்பிப் பின்பற்றும் இந்த இயல்பே, காரணம் உடனே விளங்காத சமையல் முறைகளையும் கைத்தொழில்களையும் தலைமுறை தாண்டிக் கொண்டுவருகிறது. பயனற்ற வழக்கங்களைக் கொண்டுவருவதும் அதே இயல்புதான்.

தனிமனிதர் மீதான விளைவுகள்

ஆய்வு முடிந்ததும் ஆஷ் பங்கேற்பாளர்களோடு உரையாடினார். கூட்டத்தோடு சென்றவர்களில் சிலர், தங்கள் கண்ணிலோ அறிவிலோ ஏதோ குறை இருக்கிறது, அதை எப்படியாவது மறைக்க வேண்டும் என்று எண்ணியிருந்தனர். வேறு சிலர், மற்றவர்கள் முதலில் பேசியவரைக் கண்மூடிப் பின்பற்றுகிறார்கள் என்று சந்தேகித்தனர்; ஆனால் தங்கள் முறை வந்தபோது அவர்களும் அதையே செய்தனர். தாங்கள் எத்தனை முறை வளைந்து கொடுத்தோம் என்பதை அவர்கள் குறைத்தே மதிப்பிட்டனர்.

எனவே தொடர்ந்து ஒத்துப்போவது தன்னம்பிக்கையைத் தேய்க்கக்கூடும். தம் கண்ணால் கண்டதைக்கூட நம்பத் தயங்கும் பழக்கம் ஏற்படுகிறது. படிப்பையோ தொழிலையோ சுற்றத்தார் போக்கைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர், அது தம் விருப்பமா பிறர் விருப்பமா என்பதைப் பிற்காலத்தில் பிரித்தறிய முடியாமல் போகலாம்.

மறுபுறம், மாறுபட்டு நிற்பதற்கும் விலை உண்டு. ஸ்டான்லி ஷாக்டர் 1951-ல் வெளியிட்ட ஆய்வில், விவாதக் குழுக்களுக்குள் இறுதிவரை மாறுபட்டுப் பேசும் ஒருவர் அமர்த்தப்பட்டார். குழுவினர் முதலில் அவரோடுதான் அதிகம் பேசி, அவர் மனத்தை மாற்ற முயன்றனர். அவர் மாறமாட்டார் என்று தெரிந்தபின் அவரை ஒதுக்கினர். முதலில் மாறுபட்டுப் பின்னர் இணங்கியவரை அவர்கள் ஏற்றுக்கொண்டனர். ஒதுக்கப்படுவோம் என்ற அச்சம் வெறும் கற்பனை அல்ல என்பதை இது காட்டுகிறது.

சமூகத்தின் மீதான விளைவுகள்

ஒருவர் தாம் அறிந்ததைச் சொல்லாமல் விட்டால், அந்தத் தகவல் குழுவுக்கே கிடைக்காமல் போகிறது. இதுவே ஒத்துப்போதலால் சமூகம் அடையும் பெரிய இழப்பு.

பிப் லத்தானே, ஜான் டார்லி ஆகியோர் 1968-ல் வெளியிட்ட ஆய்வில், படிவம் நிரப்பிக்கொண்டிருந்தவர்களின் அறைக்குள் சுவர்த் துளை வழியே புகை விடப்பட்டது. தனியாக இருந்தவர்களில் 75 விழுக்காட்டினர் வெளியே சென்று தெரிவித்தனர். எதுவும் நடக்காததுபோல் அமர்ந்திருந்த இரண்டு ஆட்களோடு இருந்தவர்களில் 10 விழுக்காட்டினரே தெரிவித்தனர். மற்றவர்கள் கண் எரிய, இருமிக்கொண்டு, கையால் புகையை விலக்கியபடி படிவத்தை நிரப்பினர். அது தீயாக இருக்காது என்று தங்களுக்குள் காரணமும் கற்பித்துக்கொண்டனர்.

அரசின் உச்சியிலும் இதுபோல் நடந்துள்ளது. 1961 ஏப்ரலில் அமெரிக்க ஆதரவோடு கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் நடந்த படையெடுப்பு சில நாள்களில் தோல்வியடைந்தது. அதிபர் கென்னடியின் ஆலோசகர்களில் ஒருவரான வரலாற்றாசிரியர் ஆர்தர் ஷ்லெசிஞ்சர், திட்டத்தைப் பற்றித் தமக்கு ஐயம் இருந்தும் கூட்டங்களில் உறுதியாக எதிர்க்காமல் இருந்ததற்காகப் பின்னர் வருந்தி எழுதினார். இர்விங் ஜேனிஸ் 1972-ல் வெளியிட்ட நூலில் இத்தகைய நிகழ்வுகளை ஆராய்ந்து, ஒற்றுமையைக் காக்கும் ஆவலில் குழு தன் முடிவைச் சோதிக்கத் தவறும் நிலையைக் 'குழுச்சிந்தனை' என்று விளக்கினார்.

இதன் மற்றொரு வடிவம், பெரும்பாலோர் தனிப்பட்ட முறையில் ஒரு வழக்கத்தை விரும்பாமலிருந்தும், மற்றவர்கள் விரும்புகிறார்கள் என்று ஒவ்வொருவரும் தவறாக எண்ணுவது. சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் திருமணமான இளம் ஆண்களிடம் நடந்து 2020-ல் வெளியான ஆய்வு இதற்குச் சான்று. பெண்கள் வீட்டுக்கு வெளியே வேலைக்குச் செல்வதைப் பெரும்பாலானோர் ஆதரித்தனர். ஆனால் தம்மைப் போன்ற மற்ற ஆண்களின் ஆதரவைக் குறைத்தே மதிப்பிட்டனர். உண்மையான கணக்கைத் தெரிவித்ததும், மனைவியை வேலை தேடும் சேவையில் பதிவு செய்ய முன்வந்தவர்களின் எண்ணிக்கை கூடியது.

சீனாவின் கால்கட்டு வழக்கம்

தவறான வழக்கம் ஒன்று எப்படி நிலைக்கிறது, எப்படி முடிகிறது என்பதற்குச் சீனாவின் கால்கட்டு வழக்கம் தெளிவான எடுத்துக்காட்டு. சிறுமிகளின் கால்விரல்களைப் பாதத்தின் அடியில் மடக்கித் துணியால் இறுக்கிக் கட்டி, கால் வளராமல் தடுக்கும் இவ்வழக்கம் பல நூற்றாண்டுகள் நீடித்தது. அதன் வலியையும் ஊனத்தையும் ஒவ்வொரு தாயும் தன் உடலில் அறிந்திருந்தாள். ஆனாலும் கால் கட்டாத பெண்ணுக்கு நல்ல இடத்தில் மணமகன் கிடைக்கமாட்டான் என்ற அச்சத்தால் தன் மகளுக்கும் கட்டினாள். 17ஆம் நூற்றாண்டில் சிங் அரசு பிறப்பித்த தடை பயனளிக்காமல் திரும்பப் பெறப்பட்டது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீர்திருத்தச் சங்கங்கள் கேடுகளை எடுத்துச் சொன்னதோடு நிற்கவில்லை. குடும்பங்கள் ஒன்றுகூடி, தங்கள் பெண்களின் காலைக் கட்டமாட்டோம், தங்கள் மகன்களுக்குக் கால் கட்டிய பெண்ணை மணமுடிக்கமாட்டோம் என்று உறுதி எடுத்தன. 1912-ல் அமைந்த குடியரசும் தடை விதித்தது. பீக்கிங்குக்குத் தெற்கேயுள்ள டிங்சியான் பகுதியில் 1889-ல் ஏறத்தாழ எல்லாப் பெண்களுக்கும் இருந்த வழக்கம், 1919-க்குள் புதிய தலைமுறையிடம் இல்லாமல் போனது.

அரசியல் அறிஞர் ஜெர்ரி மேக்கி 1996-ல் இதை விளக்கினார். தனி ஒரு குடும்பம் விலகினால் அதன் மகள் மட்டுமே பாதிக்கப்படுவாள். பல குடும்பங்கள் ஒரே நேரத்தில், எல்லோரும் அறிய விலகினால் யாருக்கும் இழப்பில்லை. கடன் வாங்கி நடத்தப்படும் ஆடம்பரத் திருமணங்களையும் வரதட்சணையையும் தனிக் குடும்பங்கள் கைவிடத் தயங்குவதை இதே கோணத்தில் புரிந்துகொள்ளலாம்.

சிறுபான்மையின் செல்வாக்கு

பெரும்பான்மை மட்டுமே மற்றவரை மாற்றும் என்பதில்லை. செர்ஜ் மாஸ்கோவிசியும் உடன் ஆய்வாளர்களும் 1969-ல் ஆறு பேர் கொண்ட குழுக்களுக்கு நீல நிறப் படங்களைக் காட்டினர். அவர்களில் இருவர் ஆய்வாளரின் ஆட்கள். அவ்விருவரும் ஒவ்வொரு முறையும் தவறாமல் 'பச்சை' என்று சொன்னபோது, மற்றவர்களின் விடைகளில் 8.42 விழுக்காடு 'பச்சை' ஆனது. சிலமுறை அப்படிச் சொல்லாமல் மாறியபோது அது 1.25 விழுக்காடே. உறுதியோடும் மாறாமலும் பேசும் சிறுபான்மையே தாக்கம் செலுத்துகிறது என்பது இதிலிருந்து பெறப்படும் முடிவு.

தமிழ்நாட்டின் சுயமரியாதைத் திருமணம் இதனோடு ஒப்பிடத்தக்கது. புரோகிதரும் சடங்கும் இல்லாத இத்திருமணங்களைச் சுயமரியாதை இயக்கத்தினர் 1920-களின் இறுதியிலிருந்து நடத்திவந்தனர். பல ஆண்டுகள் அவற்றுக்குச் சட்ட ஏற்பு இல்லை. ஊராரின் ஏச்சையும் பொருட்படுத்தாமல் அவர்கள் அவ்வழக்கத்தை விடவில்லை. 1967-ல் அண்ணா தலைமையிலான அரசு கொண்டுவந்த சட்டத்திருத்தம் இத்திருமணங்களைச் செல்லத்தக்கதாக்கியது.

மாற்றுக்கருத்துக்கு இடமளிக்கும் வழிகள்

மேற்கண்ட ஆய்வுகளிலிருந்து, வகுப்பறை, அலுவலகம், சங்கம் போன்ற எந்தக் குழுவும் பின்பற்றத்தக்க சில நடைமுறைகள் கிடைக்கின்றன.

கலந்து பேசும் முன் ஒவ்வொருவரும் தம் கருத்தைத் தனியே எழுதிவைப்பது முதல் வழி. முதலில் பேசியவரின் கருத்து மற்றவர்களை இழுத்துச் செல்வதை இது தடுக்கும். தலைமை வகிப்பவர் தம் கருத்தைக் கடைசியில் சொல்வது இரண்டாவது வழி. 1962 அக்டோபரில் கியூபா ஏவுகணை நெருக்கடி வந்தபோது, முந்தைய ஆண்டின் தோல்வியிலிருந்து பாடம் கற்ற கென்னடி, ஆலோசகர்கள் தயக்கமின்றிப் பேசட்டும் என்று சில கூட்டங்களில் தாமே கலந்துகொள்ளாமல் இருந்தார். திட்டத்தின் குறைகளை எடுத்துச் சொல்லும் பொறுப்பை உறுப்பினர் ஒருவருக்கு முறைவைத்து அளிப்பது மூன்றாவது வழி. அப்போது எதிர்த்துப் பேசுவது பகையாகாமல் கடமையாகிவிடும்.

ஒரு வழக்கத்தைப் பற்றி உறுப்பினர்கள் உண்மையில் என்ன நினைக்கிறார்கள் என்பதைப் பெயர் குறிப்பிடாமல் கேட்டு, முடிவை எல்லோருக்கும் தெரிவிப்பது நான்காவது வழி. 'நாலு பேர்' என்ன சொல்வார்கள் என்று அஞ்சிக்கொண்டிருப்பவர்களில் பலர், அந்த நாலு பேரும் தங்களைப் போலவே அஞ்சிக்கொண்டிருந்தார்கள் என்பதை அப்போதுதான் அறிகிறார்கள்.